நடுப்பஞ்சில் விழுந்த மடிப்புக் கோடுகளை எப்படி எடுப்பது?

கோவைத்தையல்:

அனைவருக்கும் வணக்கம். குயில்ட்டின் (மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வையின்) மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பை, அதாவது நடுப்பஞ்சைப் பற்றி எனக்கு ஓர் ஐயம். கடைகளில் இதனைப் பேட்டிங் என்றும் வாடிங் என்றும் சொல்கிறார்கள். ‘பேட்டிங் சுருக்கம்’ என்று தமிழில் தேடியபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் கிரிக்கெட் ஆட்டங்களின் ஓட்டக் கணக்குதான் என்பதால் இங்கு வந்திருக்கிறேன்.

என் நாத்தனார் சென்ற ஆண்டு டொராண்டோவிலிருந்து வந்தபோது, 90 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் உள்ள நடுப்பஞ்சு ஒன்றை எனக்காகக் கொண்டுவந்தார். 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியெஸ்டர் என்று உறையில் அச்சிட்டிருக்கிறது. பெட்டியில் இடம் போதாததால், காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பையில் அதை அடைத்து, ஊராருக்கெல்லாம் வாங்கிய சாக்லேட் டப்பாக்களை அதன்மேல் அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தப் பை பிரிக்கப்படாமலேயே என் பீரோவின்மேல் கிடந்தது. நேற்று விரித்துப் பார்த்தால், எட்டாக மடித்து வைத்த வேட்டியைப் போல நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் கோடுகள் இருக்கின்றன. வேட்டியின் மடிப்பு கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இது கைக்கே தெரிகிறது. மடிப்பு விழுந்த இடத்தில் பஞ்சு நசுங்கித் தகடாகி, அதன் இரு பக்கத்திலும் வாய்க்கால் வரப்பைப் போல எழும்பி நிற்கிறது.

தைக்கவிருப்பது 60×80 அங்குலக் குயில்ட். வெளியூர்க் கல்லூரி விடுதிக்குச் செல்லவிருக்கும் அக்கா மகளுக்காக இம்மாத இறுதிக்குள் முடிக்க வேண்டும். வீட்டுத் தையல் இயந்திரத்தில்தான் தைக்கிறேன். இதற்கு இஸ்திரி போடலாமா, நனைத்துக் காயவைக்கலாமா, அல்லது கண்டுகொள்ளாமல் தைத்துவிடலாமா?

ஸ்கார்பரோவாசி:

வணக்கம் சகோதரி. இங்கே டொராண்டோவில் நாங்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நடுப்பஞ்சை உலர்த்தும் இயந்திரத்துக்குள் தளர்வாகப் போட்டு, கூடவே நனைத்து நன்றாகப் பிழிந்த சிறிய துவாய் ஒன்றையும் போட்டு, மிகக் குறைந்த வெப்பத்தில் பத்து நிமிடம் ஓட விடுவோம். துவாயிலுள்ள ஈரம் ஆவியாகிப் பஞ்சுக்குள் புகுந்து மடிப்புகளைத் தளர்த்திவிடும். இயந்திரம் நின்றதும் உடனே வெளியே எடுத்துக் கட்டிலில் விரித்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். சூட்டோடு உள்ளேயே குவியலாகக் கிடந்தால் பழைய கோடுகள் போய்ப் புதிய கோடுகள் விழும். உங்களுடையது போன்ற 80–20 கலப்புக்கு இது எனக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கோவைத்தையல்:

நன்றி அக்கா. ஆனால் எங்கள் வீட்டில் உலர்த்தும் இயந்திரம் இல்லை. மொட்டைமாடியும் கொடியும்தான் இருக்கின்றன. துவைக்கும் இயந்திரத்தின் சுழற்சியில் போட்டால் கிழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

மயிலைத்தையற்கடை:

சுழற்சியில் போட வேண்டாம் அம்மா. முப்பது ஆண்டுகள் தையற்கடை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் எதுவும் செய்யாமல் ஓர் இரவு விரித்துப் போடுங்கள். பருத்திப் பஞ்சு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே குடித்துத் தானே தளரும். மழைக்காலத்தில் எங்கள் சென்னையில் ஒரே இரவில் பாதிக் கோடுகள் காணாமல் போய்விடும். உங்கள் ஊர்க் காற்று இதைவிட உலர்வாக இருப்பதால் இரண்டு இரவுகள் ஆகலாம்.

விரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பாதி கட்டிலிலும் பாதி தொங்கும்படியும் போட்டால், தொங்கும் பகுதியின் எடை பஞ்சை இழுத்து அதன் நீளத்தை மாற்றிவிடும். ஆகவே சுத்தமான போர்வையொன்றைத் தரையில் விரித்து, முழுப் பஞ்சும் அதன்மேல் சமமாகக் கிடக்கும்படி போடுங்கள். மின்விசிறியை வேகமாக வைத்தால் ஓரம் தூக்கிக்கொண்டு மடங்கும் என்பதால் அதை நிறுத்திவிடுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடலாம். இரண்டு பேர் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, சேலையை உதறி மடிப்பதுபோல விறைப்பாக இழுக்க மட்டும் கூடாது. இழுத்தால் கோடு மறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படி நீண்ட பஞ்சு, மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைத்து முடித்த பின்பு ஓரிரு நாளில் தன் பழைய அளவுக்குத் திரும்பும்போது மேல்துணியையும் கூட இழுத்துக்கொண்டு சுருங்கும். இந்தத் தொழிலில் நான் கண்ட கோணல்களில் பாதிக்கு மேல் மடிப்புகளால் வந்தவை அல்ல. மடிப்புகளை எடுக்கிறேன் என்று இழுத்ததால் வந்தவை.

அவசரக்கை:

இஸ்திரிப்பெட்டியை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள் என்பது என் அனுபவம். சென்ற தீபாவளிக்குக் குழந்தைப் போர்வை ஒன்று தைப்பதற்காக, உள்ளூர்க் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள) பாலியெஸ்டர் ஃபைபர் ஷீட் வாங்கினேன். கடையில் அதை உருளையிலிருந்து வெட்டி, நான்காக மடித்து, சணலால் இறுக்கக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் விரித்ததும் சணல் பதிந்த கோடுகளைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், இஸ்திரிப்பெட்டியைச் செயற்கைத் துணிக்கான சூட்டில் வைத்து, ஒரு கைக்குட்டையை மேலே போட்டு, ஒரே ஓர் இழுப்பு இழுத்தேன். கைக்குட்டையை எடுத்தபோது, விரல் கனத்துக்கு உப்பியிருந்த ஷீட் அந்த இடத்தில் மட்டும் பொரிக்காத அப்பளத்தைப் போலத் தட்டையாகியிருந்தது. உருகவில்லை, கருகவில்லை, கையில் ஒட்டவுமில்லை; ஆனால் இன்றுவரை அது எழும்பவும் இல்லை. இஸ்திரிப்பெட்டியின் மூக்கு எங்கே நின்றது என்பதைக்கூட அதில் அடையாளம் காட்ட முடியும்.

பஞ்சாய்வகம்:

மேலே உள்ளவர்கள் அனைவரும் சொல்வது உண்மைதான், ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு பஞ்சைப் பற்றிப் பேசுகிறீர்கள். நூற்பாலையின் தரச்சோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

பருத்தி இழையில் விழும் மடிப்பை நீர் தளர்த்தும். இழைக்குள் இருக்கும் செல்லுலோஸ் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவது ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் உள்ளே போனதும் அவை விடுபட்டு, காயும்போது இழை எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடியும் பிடித்துக்கொள்ளும். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும் என்று ஆலைகளில் கணக்கிடுவோம். கம்பளி இழைக்கு அது சுமார் 16 சதவீதம். பாலியெஸ்டருக்கோ வெறும் 0.4 சதவீதம். எனவே மயிலாப்பூர் ஐயா சொன்ன ‘ஓர் இரவு விரித்துப் போடுதல்’ பருத்திக்கும் கம்பளிக்கும் பலிப்பதும், முழுப் பாலியெஸ்டருக்கு அவ்வளவாகப் பலிக்காததும் இயல்பே.

பாலியெஸ்டரைத் தளர்த்துவது வெப்பம். ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் அந்த இழை விறைப்பை இழந்து இளகத் தொடங்கும். அந்தச் சூட்டில் எந்த வடிவில் வைத்து ஆறவிடுகிறோமோ அந்த வடிவம் நிலைத்துவிடும். பாலியெஸ்டர் உருகுவதற்குச் சுமார் 255 டிகிரி வேண்டும். அப்படியிருக்க, செயற்கைத் துணிக்கான சூட்டில் அந்தச் சகோதரியின் ஷீட் ஏன் அப்பளமானது? ஃபைபர் ஷீட்டுகள் பலவற்றில் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவதற்காக, சுமார் 110 டிகிரியிலேயே உருகும் மேலுறை கொண்ட வேறொரு பாலியெஸ்டர் இழையையும் கலந்திருப்பார்கள். ஷீட்டின் உப்பல் முழுவதும் அந்த ஒட்டுப் புள்ளிகளை நம்பித்தான் நிற்கிறது. இஸ்திரிப்பெட்டியில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரு புள்ளி என்றால் 150, மூன்று புள்ளி என்றால் 200 என்பது பொது அளவு. அவர் வைத்த சூட்டில் ஒட்டுப் புள்ளிகள் எல்லாம் மறுபடி உருகின. மேலிருந்து பெட்டியின் எடை அழுத்தியது. ஷீட் அழுந்திய நிலையிலேயே ஆறி ஒட்டிக்கொண்டது. சூட்டைவிட அழுத்தமே அங்கே பெரிய குற்றவாளி.

ஆகவே முதலில் இழை எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். உறை தொலைந்துவிட்டால், ஓரத்திலிருந்து சிறு திரி ஒன்றை எடுத்து இடுக்கியால் பிடித்து, சமையல் மேடையில் எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாகும். கம்பளி முடி கருகும் நாற்றத்தைத் தரும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்திருந்தால் சாம்பலுக்கு நடுவில் சிறு மணிகள் தட்டுப்படும்.

கோவைத்தையலின் 80–20 கலப்புக்கு நான் சொல்வது இதுதான்: ஈரம் வேண்டும், மிதமான சூடு வேண்டும், அழுத்தம் வேண்டாம். நீராவி இஸ்திரிப்பெட்டியைப் பஞ்சின் மேல் படாமல் ஓர் அங்குல உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் செலுத்துங்கள், உள்ளங்கையால் நீவிவிடுங்கள், முற்றிலும் ஆறிக் காயும்வரை அந்த இடத்தை அசைக்காதீர்கள். இறுதியாகச் சொன்னதைத்தான் பலரும் செய்வதில்லை.

துவைத்தால்சரி:

இவ்வளவு சிரமம் எதற்கு என்பதே என் கேள்வி. விடுதிக்குப் போகும் பெண் மாதத்துக்கு இரண்டு முறையாவது குயில்ட்டைத் துவைக்கப்போகிறாள். பருத்தி நடுப்பஞ்சு முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கி, குயில்ட் முழுவதும் சிறு சிறு நெளிவுகள் விழத்தான் போகின்றன. பலர் விரும்புவதே அந்த நெளிவைத்தான். அதற்கு நடுவில் மடிப்புக் கோட்டை யார் தேடப்போகிறார்கள்? நான் இதுவரை பதினொரு குயில்ட்டுகள் தைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் பஞ்சைத் தேய்த்ததில்லை.

வெண்சுவர்:

மென்மையான கோடுகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கோவைத்தையல் ‘வரப்பு’ என்றல்லவா எழுதியிருக்கிறார்? நசுங்கிய கோடு வேறு, எழும்பி நிற்கும் வரப்பு வேறு. வீட்டுத் தையல் இயந்திரத்தின் அழுத்துபாதம் முன்னேறும்போது, எழும்பி நிற்கும் பஞ்சைத் தனக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகும். ஓரிடத்தில் அது ஒன்றன்மேல் ஒன்றாக மடங்க, ஊசி அதன்மேலேயே ஏறித் தைத்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. துவைத்த பிறகு அந்த இடம் மட்டும் கயிற்றை உள்ளே வைத்துத் தைத்ததுபோலத் தடித்து நிற்கும். எத்தனை முறை துவைத்தாலும் தையல் பிடித்திருக்கும் மடிப்பு விடுபடாது.

நான் பெரும்பாலும் சுவரில் மாட்டும் குயில்ட்டுகளைத்தான் தைக்கிறேன், அவற்றைத் துவைப்பதில்லை. ஒருமுறை வெள்ளைத் துணியில், கால் அங்குல இடைவெளியில் நேர்கோடுகளாகத் தைத்து முடித்துச் சுவரில் மாட்டிய அன்று மாலை, பக்கவாட்டுச் சன்னலிலிருந்து சாய்வாக வெயில் விழுந்தபோது, தையல் கோடுகளுக்குக் குறுக்கே யாரோ அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு நிழல் விழுந்தது. பஞ்சை மடித்து வைத்திருந்த கோடு அது. பகல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாது. மாலை நாலரை மணிக்கு ஆஜராகிவிடும்.

துவைத்தால்சரி:

வரப்பு என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. எழும்பி நிற்பதை மட்டுமாவது படிய வைத்துவிட்டுத் தைப்பதே நல்லது என்று திருத்திக்கொள்கிறேன்; மெல்லிய கோடுகளைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

மயிலைத்தையற்கடை:

ஆவியைக் குறித்து இரண்டு எச்சரிக்கைகள். உப்புத் தண்ணீரை, குறிப்பாக ஆழ்துளைக் கிணற்று நீரை, இஸ்திரிப்பெட்டியில் ஊற்றாதீர்கள். அது துளைகளில் சுண்ணாம்பாகப் படிந்து, திடீரென்று பழுப்பு நீராகப் பஞ்சின்மேல் சொட்டும். குடிப்பதற்குச் சுத்திகரிக்கும் நீர் போதும். இரண்டாவதாக, வெளுக்காத பருத்திப் பஞ்சில் கடுகளவு கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை பருத்திக்கொட்டையின் தோல் துணுக்குகள். அதிக ஈரமும் சூடும் பட்டால் அவற்றிலிருந்து பழுப்புக் கறை இறங்கக்கூடும். மேல்துணி வெள்ளையாக இருந்தால் அந்தத் துணுக்குகளை முன்கூட்டியே இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு யோசனையும் தோன்றுகிறது. உங்கள் குயில்ட் 60×80. சுற்றிலும் நான்கு அங்குலம் கூடுதலாக விட்டாலும் 68×88 பஞ்சு போதும். உங்களிடம் இருப்பது 90×108. எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. மிக மோசமான கோடு ஓரத்துக்கு அருகில் இருந்தால், அது மிச்சத் துண்டில் போகும்படி அளந்து வெட்டுங்கள்.

கோவைத்தையல்:

இரண்டு இரவுகள் போர்வையின்மேல் விரித்து வைத்தேன். கோழிக்கால் போலிருந்த சிறு சுருக்கங்கள் முதல் இரவிலேயே போய்விட்டன. பெரிய கோடுகள் தளர்ந்தன, ஆனால் மறையவில்லை.

முழுப் பஞ்சின்மேலும் ஆவியைச் செலுத்தத் துணிவு வராததால், வெட்டிப் போடவிருக்கும் ஓரத்திலிருந்து, கோடு நடுவில் வரும்படி ஒரு சாண் அளவுள்ள மூன்று துண்டுகளை எடுத்துச் சோதித்தேன். முதல் துண்டின்மேல் ஆவியை மட்டும் செலுத்தி அப்படியே விட்டேன். அரைமணி நேரத்தில் நசுங்கிய கோட்டிலிருந்த பஞ்சு, நனைத்த அவல் உப்புவதுபோல மெல்ல எழும்பி, பக்கத்துப் பஞ்சோடு ஏறக்குறைய சமமானது. இரண்டாவதன்மேல் நீர் தெளித்து, மெல்லிய வேட்டித்துணியை மேலே போட்டு, இரு புள்ளிச் சூட்டில் பெட்டியை வைத்து அழுத்தினேன். கோடு போயிற்று, ஆனால் துண்டு முழுவதுமே மெலிந்து, விளிம்பில் பார்த்தால் முதல் துண்டின் பாதிக் கனம்தான் இருந்தது. மூன்றாவதன்மேல் ஆவியைச் செலுத்திய கையோடு, காயும் முன்பே எடுத்துத் தொங்கவிட்டேன். கோடு பாதியளவு திரும்பி வந்துவிட்டது. ஆறும்வரை அசைக்காதீர்கள் என்று ஐயா எழுதியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகு முழுப் பஞ்சையும் கூடத்தில் விரித்து, கோடு கோடாக ஆவியைச் செலுத்தினேன். ஒரு கோட்டுக்கு ஐந்து நிமிடம், ஆறுவதற்கு அரைமணி நேரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. அன்று வீட்டில் யாரும் கூடத்தின் நடுவில் நடக்கவில்லை.

பஞ்சாய்வகம்:

அருமையான சோதனை. இரண்டாவது துண்டு மெலிந்ததற்கு, 20 சதவீதப் பாலியெஸ்டர் சூட்டோடு அழுந்திய நிலையிலேயே ஆறி உறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம். முழுப் பருத்தியாக இருந்திருந்தால் அடுத்த துவைப்பில் ஓரளவேனும் மீண்டிருக்கும். முழுப் பருத்தியை இஸ்திரி போட விரும்புவோரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சில வகைப் பருத்தி நடுப்பஞ்சில், இழைகள் பிரியாமல் இருக்க மெல்லிய பாலிபுரொப்பிலீன் வலையொன்றை உள்ளே வைத்து ஊசிகளால் குத்தி இணைத்திருப்பார்கள். அந்த வலை 160 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும் என்பதால், பருத்திக்கான மூன்று புள்ளிச் சூட்டை அதன்மேல் நிறுத்தி வைக்கக் கூடாது.

அவசரக்கை:

அப்படியானால் என் ஃபைபர் ஷீட்டுக்கு நான் என்னதான் செய்திருக்க வேண்டும்?

பஞ்சாய்வகம்:

உருளையிலிருந்து வெட்டியதை மடிக்காமல் சுருட்டித் தரும்படி கடையில் கேட்டிருக்கலாம். மடிப்பு விழுந்த பிறகு என்றால், தலைமுடி உலர்த்தும் கருவியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கோட்டின் நெடுக ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே போய், கையால் இலேசாகத் தட்டிவிட்டு ஆறவிடுங்கள். அந்தக் காற்றின் சூடு இழையை இளக்கப் போதும், ஒட்டுப் புள்ளிகளை உருக்கும் அளவுக்குப் போகாது. நீர் தெளிப்பதால் பாலியெஸ்டருக்குப் பயன் இல்லை.

கோவைத்தையல்:

மூன்று அடுக்குகளையும் நேற்று சேர்த்துவிட்டேன். அடித்துணியின் நான்கு ஓரத்தையும் தரையில் ஒட்டுநாடாவால் பிடிக்கவைத்து, பஞ்சை ஒரு குழாயில் சுருட்டிக்கொண்டு வந்து, இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து விரித்து, நடுவிலிருந்து நீவிவிட்டு, மேல்துணியைப் போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்தினேன். குறுக்கே நடுவில் ஓடும் ஒரு கோடு மட்டும் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அதை எந்தப் பக்கம் வெட்டியும் தவிர்க்க முடியவில்லை. எழும்பி நிற்கவில்லை, இலேசான பள்ளமாகத்தான் இருக்கிறது என்பதால், முதல் தையல் வரிசையை அதன்மேலேயே ஓட்டிவிட்டேன். துவைத்தால்சரி அவர்கள் மகிழ்ச்சியடையலாம்.

மிச்சப் பஞ்சைச் சேலைக்கடையில் கேட்டு வாங்கிய அட்டைக் குழாயில் சுருட்டி, பழைய பருத்தித் துணியால் மூடி, பீரோவின் பின்னால் நிற்க வைத்திருக்கிறேன்.

ஸ்கார்பரோவாசி:

நிற்க வைக்காதீர்கள் சகோதரி, நாளாக ஆகப் பஞ்சு கீழே சரிந்து ஒரு முனையில் திரண்டுகொள்ளும். பீரோவின்மேல் படுக்க வையுங்கள். உங்கள் நாத்தனாரிடம் அடுத்த முறை சாக்லேட்டைக் கீழே வைத்துப் பஞ்சை மேலே வைக்கும்படியும் சொல்லுங்கள்.